கிட்டார் வாசிப்பவரின் ஏழு நாட்கள்

தமிழில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், வீணையையும் வாசிக்கிறோம். மலையாளத்திலும் ஏறக்குறைய அப்படியே. கன்னடம் வேறு வழியில் செல்கிறது. அங்கே வாத்தியத்தை 'நுடிசு'வார்கள். நுடி என்றால் பேச்சு. நுடிசுதல் என்றால் பேசவைத்தல். பழந்தமிழில் நொடித்தல் என்பதற்குச் சொல்லுதல் என்ற பொருள் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இன்றும் விடுகதையை 'நொடி' என்கிறார்கள். வேர் ஒன்றுதான். தக்கினி உருதுவில் 'பஜானா': ஒலிக்கச் செய்தல். மணிக்கும் கைதட்டலுக்கும் கிட்டாருக்கும் அதே வினை. ஆங்கிலத்தில் எல்லாமே விளையாட்டு.

இந்த நான்கு வினைகளும் ஒரே சந்தில், சில சமயம் ஒரே வாக்கியத்தில் கேட்கும் இடம் பெங்களூரின் சிவாஜிநகர். என் முனைவர் பட்ட ஆய்வு இங்குள்ள தமிழின் மொழிக்கலப்பைப் பற்றியது. தையற்காரர்கள், பூக்கடைக்காரர்கள், பழைய வாகன உதிரிப்பாகம் விற்பவர்கள் ஆகியோரின் பேச்சைப் பதிவுசெய்துகொண்டிருந்தபோது, உதிரிப்பாகக் கடைக்காரர் ஒருவர் தாம் இரவில் பேஸ் கிட்டார் வாசிப்பதாகச் சொன்னார். அவர் வழியாக அறிமுகமானவர்தான் இந்தப் பதிவின் மனிதர். தொழில்முறை ஜாஸ் கிட்டார் கலைஞர், வயது 46. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரணம் கேட்டேன். "பேரு போட்டா ஜாஸ் வாசிக்கிறவன்னு முத்திரை குத்திடுவாங்க தம்பி. அப்புறம் ரிசப்ஷன் வராது" என்றார். ஆகவே அவர் இங்கே 'அண்ணன்' மட்டுமே.

வீரப்பிள்ளைத் தெருவுக்குப் பின்புறம் இரண்டு அறை வீடு. அப்பா பேண்ட் செட்டில் கிளாரினெட் வாசித்தவர். கல்யாண ஊர்வலம், சாவு ஊர்வலம் இரண்டுக்கும் அதே சிவப்புக் கோட்டு. அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தவர் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் வாத்தியக் குழுவிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர். அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் இருக்கும் அந்தப் பிரிவின் வீரர்களை ராணுவம் முழுவதும் 'தம்பி' என்றே அழைக்கிறது. இந்தியிலும் ஆங்கிலத்திலும்கூட அந்தத் தமிழ்ச்சொல் அப்படியே. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மெண்ட் அமைத்தபோது படையோடும் படைக்குப் பின்னாலும் வந்த தமிழர்களின் பேட்டை இது. வீரப்பிள்ளை, நாராயண பிள்ளை, அருணாசல முதலியார் என்று தெருப்பெயர்கள் அதைச் சொல்லும். பழைய நகரமும் கண்டோன்மெண்டும் 1949-இல்தான் ஒரே மாநகராட்சியாயின.

கண்டோன்மெண்டின் மேற்கத்திய இசையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களையும் கிளப்புகளின் நடன இரவுகளையும்தான் நினைவுகூர்கிறார்கள். அந்த நடன இரவு முடிந்து மறுநாள் காலை, அதே மெட்டை அரைகுறையாகச் சவ ஊர்வலத்தில் ஊதிய கிளாரினெட்காரனை எவரும் எழுதவில்லை. அண்ணனின் ஜாஸ் அங்கிருந்துதான் வந்தது. "எங்கப்பா செத்தவங்களுக்கு வாசிச்ச பாட்டு வெள்ளைக்காரன் டான்ஸ் பாட்டுன்னு எனக்கு இருபது வயசுல ரெக்கார்டு கேட்டப்புறம்தான் தெரியும்." இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவருடைய ஒரு வாரத்தை முழுவதும் பின்தொடர்ந்தேன். பதிவுக்கருவியும் கையுமாக நான் நிற்பதை அவர் மூன்றாம் நாளே மறந்துவிட்டார். ஆய்வாளனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

திங்கள், செவ்வாய், புதன் மூன்றும் பாட நாட்கள். மடிக்கணினித் திரையில் ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் வீடுகளின் பிள்ளைகள் வருகிறார்கள். டிரினிட்டி தேர்வுக்கான பாடம் பாதி நேரம். மீதி நேரம் பெற்றோரின் விருப்பப் பாடல்கள். தமிழ்ப் பெற்றோர் என்றால் 'இளைய நிலா' நிச்சயம். 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்ததிலிருந்து தமிழன் கிட்டாரைக் கையில் எடுத்தாலே அந்தப் பாடலின் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டியிருக்கிறது. அந்தப் பாடலில் கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்பதை அண்ணன் ஒவ்வொரு மாணவனிடமும் சொல்கிறார். பாடியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் எல்லோருக்கும் தெரியும். தந்தியைத் தொட்ட விரலின் பெயரும் தெரிய வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். வாடகை இந்தப் பாடங்களிலிருந்து வருகிறது. சிவாஜிநகரில் கிட்டார்காரனுக்கு வீடு கொடுக்க யோசிப்பார்கள். 'டியூஷன் மாஸ்டர்' என்றால் கொடுப்பார்கள். வீட்டு ஒப்பந்தத்தில் தொழில் என்ற இடத்தில் ஆசிரியர் என்றுதான் எழுதியிருக்கிறார்.

வியாழன் இரவு மட்டுமே ஜாஸ். ஒரு சிறிய உணவு விடுதியின் மாடி. மூன்று பேர்: அண்ணன், மேற்சொன்ன உதிரிப்பாகக் கடைக்கார பேஸ் கலைஞர், பகலில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் டிரம்மர் இளைஞர். அன்று முப்பது பேர் வந்திருந்தார்கள். அவர்களில் இசையைக் கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கலாம். தலைக்கு 2,000 ரூபாய், உறையில்.

ஜாஸ் பற்றி எனக்கு இருந்த எண்ணம் அங்கேதான் மாறியது. அதைத் தனிக்கச்சேரிக் கலை என்று நினைத்திருந்தேன். அண்ணன் அன்றிரவு தனியாக வாசித்த நேரம் குறைவு. பெரும்பகுதி அவர் செய்தது, மற்றவர் வாசிக்கும்போது கீழே சுரக்கட்டுகளை இட்டுக்கொண்டே போவது. அதை அவர்கள் 'கம்பிங்' என்கிறார்கள். உடன்செல்லுதல் என்ற பொருள் தரும் ஆங்கில வினையின் சுருக்கம். நம்மிடம் அதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது: பக்கவாத்தியம். அதைச் சொன்னதும் அண்ணன் ஃபிரெடி கிரீனைப் பற்றி ஆரம்பித்தார். கவுண்ட் பேஸியின் குழுவில் 1937-இல் சேர்ந்து, 1987-இல் இறக்கும் வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு அதே நாற்காலியில் இருந்தவர். சோலோ என்பது அவரிடம் அபூர்வத்திலும் அபூர்வம். தாளத்துக்கு நான்கு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கட்டு, அவ்வளவுதான். ஒலிப்பெருக்கியும் இல்லாத கிட்டார். "கிரீன் வாசிக்கிறது கேக்காது. அவர் நிறுத்தினா கேக்கும்." அண்ணனின் சுவரில் இருக்கும் ஒரே படம் அவருடையது; பக்கத்தில் ஆரோக்கிய மாதா.

பேஸ் கலைஞருக்கும் அவருக்கும் பத்தொன்பது ஆண்டுப் பழக்கம். பாடலின் நடுவே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதே இல்லை. 'ஆட்டம் லீவ்ஸ்' என்ற பாடலில் ஒவ்வொரு முறையும் இரண்டாம் சுற்றில் பேஸ் நான்கு பார் நின்றுவிடுகிறது. அந்த வெற்றிடத்தில் அண்ணன் ஏதோ ஒன்று சொல்கிறார், பேஸ் திரும்பி வந்து அதற்குப் பதில் சொல்கிறது. அது எழுதப்பட்ட ஒன்று அல்ல. அவர்களிடம் 'ரியல் புக்' இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவில் பெர்க்லி மாணவர்கள் பதிப்புரிமைக்குத் தெரியாமல் தொகுத்து, உலகமெங்கும் நகலுக்கு நகலாகப் பரவிய நூல். சட்டப்படியான பதிப்பு 2004-இல்தான் வந்தது. இவர்களிடம் இருப்பது நகலின் நகலின் நகல். ஒரு பக்கத்தில் மேல் இரண்டு வரிகள் முற்றிலும் அழிந்துவிட்டன. அந்த இரண்டு வரிகளை மட்டும் இருவரும் 'வாசிப்பதில்லை', ஞாபகத்திலிருந்து 'வாசிக்கிறார்கள்'. தமிழ் வினை இங்கே கொஞ்சம் தடுமாறுகிறது, கன்னடம் பொருத்தமாகிறது.

வியாழன் ஏன் ஒரே ஒரு நாள் ஆயிற்று என்பதற்குப் பின்னால் ஒரு சொல்லின் கதை இருக்கிறது. மொழியியல் மாணவன் என்பதால் இதில் சற்று நிற்கிறேன்.

'லைவ் பேண்ட்' என்றால் மற்ற ஊர்களில் நேரடி இசைக்குழு. பெங்களூரில் அந்தச் சொல்லுக்கு வேறொரு வாழ்க்கை அமைந்தது. மதுக்கூடங்களில் பெண்கள் ஆடும் நிகழ்ச்சிகளுக்கு இந்த ஊரின் வழக்கிலும் செய்தித்தாள்களிலும் 'லைவ் பேண்ட்' என்பதே பெயராயிற்று. 'லைவ் பேண்டில் சோதனை' என்று தலைப்பு வந்தால் சாக்ஸபோனைப் பிடித்துச் சென்றார்கள் என்று எவரும் நினைக்கமாட்டார்கள். 2005-இல் பொழுதுபோக்கு இடங்களுக்கு உரிமம் வழங்கிக் கட்டுப்படுத்தும் ஆணை ஒன்று பெங்களூர் நகரத்துக்கெனப் பிறப்பிக்கப்பட்டது. அது லைவ் பேண்ட் இசை, காபரே, டிஸ்கோதே ஆகியவற்றை ஒரே மூச்சில் பேசியது. அதை எதிர்த்து உணவு விடுதிக்காரர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2018 ஜனவரியில் ஆணை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டின் நடுவில் உரிமம் இல்லாத இடங்களில் இசையை நிறுத்தச் சொல்லிக் காவல்துறை கிளம்பியபோது, மூலையில் உட்கார்ந்து மெல்லிய குரலில் வாசிக்கும் ஜாஸ் மூவரும் அதே வலையில் விழுந்தார்கள்.

குடியிருப்புப் பகுதியில் நள்ளிரவுவரை அலறும் ஒலிப்பெருக்கிகளுக்கு எதிராக அண்டை வீட்டார் கொதித்தது நியாயமே. நானும் இந்திராநகரில் ஓர் ஆண்டு குடியிருந்தவன். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிப்பெருக்கி கூடாது என்று நாடு முழுமைக்கும் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அதை அமல்படுத்தியிருந்தால் போதும் என்பது என் கருத்து. ஆனால் அளவுக்கருவியால் அளக்க வேண்டியதை ஒரு சொல்லால் அளந்தார்கள். அந்தச் சொல்லின் பொருள் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. வாரம் நான்கு இரவுகள் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு அன்று ஒரே மாதத்தில் நான்கும் போயின. இரண்டு பிறகு திரும்பி வந்தன. 2020-இல் பெருந்தொற்று அவற்றையும் எடுத்துக்கொண்டது. அதன்பின் வந்தது இந்த ஒற்றை வியாழன். விடுதிகள் இப்போது சுவரொட்டியில் 'லைவ் பேண்ட்' என்று போடுவதில்லை. 'அக்கூஸ்டிக் ஈவினிங்' என்கிறார்கள். அகராதியில் புதுச்சொல் ஏறுவதற்கு இப்படியும் காரணங்கள் இருக்கின்றன.

வெள்ளி மாலை ஒரு பெரிய ஓட்டலின் முன்கூடம். அங்கே விதி ஒன்றுதான்: பேச்சுக்குக் கீழே இருக்க வேண்டும். சனிக்கிழமை கல்யாண வரவேற்பு, மெல்லிசைக் குழு, 5,000 ரூபாய், பிரியாணி. வாரத்தின் மிக அதிகமான ஊதியமும் மிக அதிகமான இரைச்சலும் அதுவே. நீண்ட நேரம் சொல்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஒரே ஒரு காட்சி: மணமேடையில் புகைப்பட வரிசை நகராமல் நின்ற இருபது நிமிடங்களை நிரப்பச் சொன்னபோது, அண்ணன் 'இளைய நிலா'வை அதன் கட்டுகளையெல்லாம் மாற்றிப் போட்டு, வேறொரு நிறத்தில், தமக்கு மட்டுமாக வாசித்தார். மாப்பிள்ளையின் தாத்தா மட்டும் திரும்பிப் பார்த்தார்.

ஞாயிறு காலை தமிழ்த் திருப்பலி. சிவாஜிநகரின் புனித மரியன்னை பசிலிக்கா, 1882-இல் எழுப்பப்பட்ட உயர்ந்த கோபுரத்தோடு, பேருந்து நிலையத்துக்கு எதிரே நிற்கிறது. ஆகஸ்டு 29-இல் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை காவி உடுத்திய கூட்டம் தெருக்களை நிறைத்துவிடும். அந்த நாட்களில் அண்ணனுக்கு வேலை முழுவதும் நடந்துபோகும் தொலைவிலேயே கிடைக்கும். சாதாரண ஞாயிறுகளில் அவர் பாடகர் குழுவுக்குக் கிட்டார். ஊதியம் இல்லை. பலிபீடத்தருகே ஒருவர் வந்து 'முதல் வாசகம்' என்று தொடங்கியபோது இவர் தந்தியைக் கையால் மூடி அமைதியாக்கினார். ஒருவர் வாசிக்க ஒருவர் வாசிப்பை நிறுத்தினார். நான் என் குறிப்பேட்டில் இதை எழுதிக்கொண்டேன், ஆய்வுக்குப் பயன்படாது.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இந்த வரிசை உடைகிறது. அப்போது சனியும் ஞாயிறும் புதுச்சேரிக்குப் போய்விடும்.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இந்த ஊர்க்காரர்களுக்குக் கடல் என்பது ஒரு விடுமுறை; அண்ணனுக்கு அது வேலைத்தலம். வெள்ளி இரவு சாந்திநகரில் தமிழ்நாட்டுப் பேருந்து ஏறினால் கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாக விடியும்போது புதுச்சேரி. கடற்கரை அருகே ஒரு தங்கும் விடுதியின் முற்றத்தில் சனி மாலையும் ஞாயிறு மதியமும் வாசிப்பு. அவரோடு நானும் இரண்டு முறை போனேன்.

கடல் கிட்டாருக்கு ஆகாது. இதை அவர் ஒரு வைத்தியரின் நிதானத்தோடு விளக்கினார். ஈரக்காற்றை மரம் குடிக்கும், மேற்பலகை உப்பும், தந்தி விரற்பலகையை விட்டு மேலெழும்பும், பழகிய விரல் அழுத்தம் போதாமல் சுருதி விலகும். உப்பு உலோகத்தைத் தின்னும். ஒரு புதுத் தந்திக் கட்டு பெங்களூரில் ஒரு மாதம் உழைக்கும்; புதுச்சேரியில் இரண்டு மாலைகளில் சொரசொரப்பாகிவிடும். ஆகவே உள்ளீடற்ற உடலும் வளைந்த மேற்பலகையும் கொண்ட தமது நல்ல கிட்டாரை அவர் மலைக்குக் கீழே இறக்குவதே இல்லை. கடலுக்குப் போவது கட்டை உடல் கொண்ட மலிவான கிட்டார். "இவளுக்கு ஜலதோஷம் பிடிக்காது" என்றார்.

ஆனால் அவருக்குக் கடல் பிடிக்கும். மாலையில் வாகனங்களை நிறுத்திவிடும் அந்தக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலையிலிருந்து பழைய கலங்கரை விளக்கத்தைக் கடந்து இரண்டு நடை நடப்பார். காலையில் மீனவர்கள் வலை பிரிக்கும் இடத்தில் போய் உட்காருவார். வலையின் முடிச்சுகளை அவிழ்க்கும் கை எந்த விரலைப் பயன்படுத்துகிறது என்று பார்ப்பாராம். ஒருநாள் ஒரு முதியவர் "நீ என்ன வேலை செய்யிற?" என்று கேட்டார். "கிட்டார் வாசிக்கிறேன்." "அது தெரியுது. என்ன வேலை செய்யிற?" இந்தக் கேள்வி நான்கு மொழிகளிலும் தமக்கு வந்திருக்கிறது என்று அண்ணன் சொன்னார்.

அந்த முற்றத்தில் ஒரு சனிக்கிழமை 'ஆட்டம் லீவ்ஸ்' வாசித்தபோது ஒரு மேசையிலிருந்து வயதான பிரெஞ்சுத் தம்பதியர் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள், தங்கள் மொழியில். அது அவர்களுடைய பாட்டுதான். ஹங்கேரியிலிருந்து பாரிசுக்குக் குடியேறிய ஜோசஃப் கோஸ்மா 1940-களில் அமைத்த மெட்டு. பிறகு ஆங்கிலச் சொற்கள் ஏறி அமெரிக்க ஜாஸ்காரர்களின் பொதுச்சொத்தாயிற்று. புடாபெஸ்ட், பாரிஸ், நியூயார்க், வீரப்பிள்ளைத் தெரு, புதுச்சேரி. அண்ணன் அவர்களுக்காக வேகத்தைக் குறைத்தார். அந்த நேரத்தில் அவர் பக்கவாத்தியக்காரர் ஆனார், முகம் தெளிந்தது. பேஸ் அன்று நான்கு பார் நிற்கவில்லை, அவர்கள் பாடிக்கொண்டிருந்ததால். இருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

அந்த விடுதிதான் இப்போது அவர்கள் முன் ஒரு தீர்மானத்தை வைத்திருக்கிறது. புதிதாக வந்த மேலாளர், வாரம் ஐந்து இரவு, அறை, உணவு, மாதச் சம்பளம் என்று ஒரு ஏற்பாடு சொல்லியிருக்கிறார். தொகை, சிவாஜிநகரில் அண்ணன் எல்லா வேலையும் சேர்த்துச் சம்பாதிப்பதைவிட அதிகம். நிபந்தனை ஒன்று: அவர் மட்டும். பேஸும் தாளமும் மடிக்கணினியிலிருந்து வந்தால் போதும். மெல்லிசைக்காரர்கள் இதை 'மைனஸ் டிராக்' என்கிறார்கள். ஒருவரைக் கழித்துப் பதிவுசெய்த இசை. கழிக்கப்பட்டவர் வந்து நின்று வாசித்தால் கணக்கு நேராகிவிடும். இங்கே உண்மையில் கழிபவர் யார் என்பதை அந்தச் சொல் மறைக்கிறது.

அண்ணனின் மகள் பத்தாம் வகுப்பு. மனைவி ஒரு பள்ளியில் ஆசிரியை; "போய்ட்டு வாங்க, ஒரு வருஷம்தானே" என்கிறார். இதற்கு மேல் அந்த வீட்டின் கணக்கு எனக்குத் தெரியும், எழுதமாட்டேன்.

ஜாஸ்காரன் ஊரை விட்டுப் போவது இந்த ஊருக்குப் புதிதன்று. கார்ல்டன் கிட்டோ பெங்களூரில் பிறந்தவர்தான். சென்னைக்குப் போய், பிறகு கல்கத்தாவுக்குப் போய், பார்க் ஸ்ட்ரீட்டின் இரவு விடுதிகளில் வாசித்தார். அந்த விடுதிகளின் காலம் மங்கி, உடன் வாசித்தவர்கள் பலர் விளம்பர இசைக்கும் பம்பாய்த் திரையிசைக்கும் நகர்ந்தபோதும் அவர் பிபாப்பை விடவில்லை. கல்கத்தா ஸ்கூல் ஆஃப் மியூசிக்கில் கற்றுக்கொடுத்து, 2016-இல் மறையும் வரை அதையே வாசித்துக்கொண்டிருந்தார். 'ஃபைண்டிங் கார்ல்டன்' என்ற ஆவணப்படம் இந்திய ஜாஸின் கதையையே அவர் வழியாகச் சொல்கிறது. அந்தப் படத்தை அண்ணன் பலமுறை பார்த்திருக்கிறார். எனக்கு அதில் தெரிவது ஒரு துறவி. அண்ணனுக்குத் தெரிவது, ஒரு மாணவனின் வீட்டுக்குப் படியேறிப்போகும் டியூஷன் மாஸ்டர்.

இந்த ஊரிலேயே இருந்து உலகத்தோடு வாசித்தவர்களும் உண்டு. டி.ஏ.எஸ். மணியின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனும் பாடகி ஆர்.ஏ. ரமாமணியும் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவோடு செய்த 'ஜோதி' இசைத்தட்டு 1983-இல் வந்தது. அண்ணனுக்கு ஃபியூஷன் என்ற சொல்லே பிடிக்காது, ஆனால் இந்தத் தட்டைக் குறைசொல்ல விடமாட்டார். இதைச் சொல்லி நான் வாதாடிப் பார்த்தேன்: இங்கேயே இருக்கலாமே என்று. "அவங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்திச்சு தம்பி. எனக்கு ஒரு வியாழக்கிழமை இருக்கு." அதற்குமேல் நான் வாதாடவில்லை.

இதுவரை நான் எதிர்பார்த்த பாதையில்தான் எல்லாம் நடந்தது. பேஸ் கலைஞர் செய்ததை எதிர்பார்க்கவில்லை.

மேலாளர் சொன்ன ஏற்பாடு அவர் காதுக்கு எட்டியது. சண்டை வரும் என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை காலை, கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, பேஸையும் ஒரு சிறு பதிவுப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு அவர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். "இன்டர்நெட்ல எவனோ வாசிச்ச டிராக்கைப் போட்டு நீ வாசிச்சா எனக்குத் தூக்கம் வராது. நானே வாசிச்சுக் குடுத்துடறேன்" என்றார். அண்ணன் வேண்டாம் என்றார். அப்புறம் பேசவில்லை. மகள் பள்ளிக்குப் போயிருந்தாள், மின்விசிறியை நிறுத்தினார்கள், சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டார்கள். ஆனாலும் மதிய பாங்கு ஒலி ஒரு பாடலில் ஏறிவிட்டது. அதை அழிக்க வேண்டாம் என்று இருவருமே சொன்னார்கள்.

ஒன்பது பாடல்கள். அவர் வாசிக்கும் முறையில் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தேன். வழக்கத்தைவிட எளிமையாக, அலங்காரம் இல்லாமல், ஏறக்குறைய பாடப்புத்தகம் போல வாசித்தார். பிறகு கேட்டேன். அழுக்கேறிய விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டே விளக்கினார்: நேரில் வாசிக்கும்போது ஒரு புதுமை செய்தால் அது அன்றைக்கு மட்டும், டிராக்கில் செய்தால் தினமும் அதே இடத்தில் அதே புதுமை வரும், மூன்றாம் நாள் அது தொல்லையாகிவிடும். தவறும் அப்படித்தான், தினமும் வரும். "நான் இல்லாத மாதிரி வாசிக்கணும். ஆனா யாரோ இருக்கிற மாதிரியும் இருக்கணும். கஷ்டம்தான்." பணம் எதுவும் வாங்கவில்லை. அண்ணன் கொடுக்க முயலவும் இல்லை. அது அவமதிப்பாகிவிடும் என்று எனக்கே தெரிந்தது. டிரம்ஸ் பகுதியை அந்த இளைஞர் தன் வீட்டிலிருந்தே செய்து அனுப்பிவிட்டார். அவருக்கு வேறு சம்பளம் இருக்கிறது, இழப்பு சிறியது.

மேலாளருக்கு முடிவு சொல்ல மாத இறுதிவரை நேரம் இருக்கிறது. ஒரு சோதனைக்காக, போன சனிக்கிழமை அண்ணன் மட்டும் டிராக்கோடு போனார். நான் உடன் போனேன். முற்றத்தில் மேசைகள் நிறைந்திருந்தன. மடிக்கணினியின் மேல் ஒரு துண்டை மூடி வைத்திருந்தார், உப்புக்காற்றுக்காக என்று சொன்னார். மக்கள் வித்தியாசம் எதையும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஒரு பாடலில், வெகு தூரத்தில், சிவாஜிநகரின் பாங்கு ஒலி கேட்டது. ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு மீண்டும் மீனுக்குத் திரும்பினார்.

'ஆட்டம் லீவ்ஸ்' எட்டாவதாக வந்தது. இரண்டாம் சுற்றில் பேஸ் நின்றது. அந்த நான்கு பாரை அவர் பதிவிலும் காலியாகவே விட்டிருந்தார், தாளத்தின் மெல்லிய தட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் முதல் பாரில் வாசிக்கவில்லை. இரண்டாம் பாரிலும் இல்லை. மூன்றாம் பாரின் நடுவில் மூன்று சுரம் வைத்தார். நான்காவது முடிந்து பேஸ் திரும்பியது. அது அந்த மூன்று சுரத்துக்கு முன்பே எழுதப்பட்ட பதில், எந்தக் கேள்விக்கும் ஓரளவு பொருந்தும்படியாக வாசித்து வைக்கப்பட்ட பதில்.

இரவு கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார். பின்னணியில் கடையின் இரும்பு ஷட்டரை இறக்கும் சத்தம். கூட்டம் எப்படி, டிராக் சத்தம் சரியாக இருந்ததா, தந்தி எப்படி என்றெல்லாம் பேஸ் கலைஞர் கேட்கவில்லை.

"அந்த நாலு பார்ல என்னா வாசிச்சே?"

அண்ணன் பாடிக் காட்டினார்.